ஆவியான பிறகே தெருவைப் பார்த்தவள்

இறந்துபோன ஒருவனுக்கு வாழ்க்கைப்படச் சம்மதமா என்று ஒரு தகப்பன் தன் மகளிடம் கேட்கிறார். யாங்ஸே சூ எழுதி 2013இல் வெளிவந்த ‘தி கோஸ்ட் பிரைட்’ நாவல் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. கதை நடப்பது 1893ஆம் ஆண்டின் மலாக்காவில். மகளின் பெயர் லீ லான். பெரியம்மையில் தாய் போய்விட்டாள். அதே அம்மை முகத்தைச் சிதைத்துவிட்ட தகப்பன், வெளியே தலைகாட்டாமல் அபின் புகையில் சொத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். கடன் ஏறிக் கிடக்கும் அந்த வீட்டுக்குத்தான், செல்வச் செழிப்புள்ள லிம் குடும்பத்தார் செத்துப்போன தங்கள் பிள்ளைக்குப் பெண் கேட்டு வருகிறார்கள்.

என் மகள் படித்துவிட்டு மேசையில் போட்டிருந்த புத்தகம் இது. பேயும் காதலும் கலந்த இளையோர் கதை நமக்கெதற்கு என்று பல நாள்கள் அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு சும்மா புரட்டியவன், ஞாயிறு மாலைக்குள் முடித்துவிட்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, வெகு நாள்களுக்குப் பிறகு ஒரு கதை என்னைச் சாப்பாட்டை மறக்க வைத்தது.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இக்கதையின் வாசல் முன்பே பழக்கமானது. ஆவிகள் ஊருக்குள் வரும் என்று நம்பப்படும் சீன நாள்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சாலையோரத்தில் தகர டின்னை வைத்துக்கொண்டு, பொன்னிறத் தாள்களை ஒவ்வொன்றாக மடித்துத் தீயில் போடுவார். ஊதுவத்தியும் ஆரஞ்சுப் பழமும் புல்தரையிலேயே இருக்கும். அந்தச் சாம்பலை மிதித்துவிடாதே என்று என் அம்மா அதட்டியது இன்றும் காதில் இருக்கிறது. அம்மாவாசைக்குப் படையல் வைத்து, காகம் வந்து எடுக்கும்வரை பசியோடு காத்திருக்கும் நமக்கு, இறந்தவர்களுக்கும் பசிக்கும் என்பதை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு பாட்டி எரித்தவற்றில் காகிதத்தில் செய்த ஒரு கைப்பேசியும் இருந்தது. தாத்தாவுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியுமா என்று கேட்டேன். அங்கே அவருக்கு வேறு என்ன வேலை, கற்றுக்கொள்ளட்டும் என்றார்.

நாவலாசிரியர் செய்திருப்பது, அந்தத் தீயில் போடப்பட்டவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று பின்தொடர்ந்து போனதுதான். அவர் காட்டும் மறுவுலகில் மாளிகைகளும் பல்லக்குகளும் பணியாட்களும் உண்டு. எல்லாம் உயிரோடிருப்பவர்கள் எரித்து அனுப்பிய காகிதப் பொருள்கள். எரிப்பதற்குப் பிள்ளைகுட்டி இல்லாத ஆவி அங்கேயும் பட்டினிதான். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளும் அங்கே இருக்கிறார்கள். லீ லானுக்குக் கிடைக்கும் காகிதக் குதிரைக்குச் ‘செண்டானா’ என்று பெயர். மலாய் மொழியில் சந்தனம். நம் வீட்டுச் சொல்லை அந்த இருட்டில் சந்தித்தபோது சிறு மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது வேறொன்று. செத்துப்போன மாப்பிள்ளை ஒவ்வோர் இரவும் கனவில் வந்து தொல்லை கொடுக்கவே, அதிலிருந்து தப்ப ஆவிகளோடு பேசும் ஒரு பெண்ணிடம் வாங்கிய மருந்துப் பொடியை லீ லான் அளவுக்கு மீறி உட்கொண்டுவிடுகிறாள். உடல் கட்டிலில் கிடக்க, உயிர் தனியே எழுந்து நிற்கிறது. அதுவரை வளர்ப்புத் தாயான ஆமாவின் காவலில், நான்கு சுவருக்குள் தையலும் படிப்புமாகக் கிடந்த பெண் அவள். கௌரவமான குடும்பத்துப் பெண் துணையின்றி வாசலைத் தாண்டக் கூடாத காலம் அது. உடலைப் பிரிந்த பிறகுதான் மலாக்காத் தெருக்களில் தன் விருப்பப்படி நடக்கிறாள், பிற வீடுகளுக்குள் நுழைகிறாள், ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கிறாள். உயிருள்ள பெண்ணுக்குக் கிடைக்காத நடமாட்டம் ஆவிக்குக் கிடைக்கிறது. இதை ஆசிரியர் எங்கேயும் உரக்கச் சொல்வதில்லை. அவளை நடக்க மட்டும் விடுகிறார். மாயக் கதை என்றாலே நிஜத்திலிருந்து தப்பித்து ஓடுவது என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் இந்தப் பக்கங்களைத்தான் எடுத்துக் காட்டுவேன். 1893இல் ஒரு பெண்ணின் வீடு எவ்வளவு குறுகியது என்பதை, அவளை வீட்டுக்கு வெளியே ஆவியாக நிறுத்தியதன் மூலம் இக்கதை எனக்கு உணர்த்தியது.

காதல் பகுதியும் இதே இழையில்தான் கோக்கப்பட்டிருக்கிறது. இறந்த மாப்பிள்ளை லிம் தியென் சிங் அவளைப் பொருளாக விலை பேசுகிறான். அவனுடைய உறவினன் தியென் பாய் நல்லவன், கடிகாரங்களைப் பழுது பார்ப்பவன், லீ லானின் மனம் முதலில் போவது அவனிடம்தான். ஆயினும் அவனோடு வாழப் போனாலும் அது இன்னொரு பெரிய வீட்டின் உட்சுவர்தானே என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வந்துகொண்டே இருக்கிறது. மூன்றாமவன் எர்லாங். முகத்தை மறைக்கும் மூங்கில் தொப்பியோடு அலைகிறான், மனிதன் அல்லன், கொஞ்சம் திமிர் பிடித்தவனும்கூட. அவன் யார் என்பதைச் சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன். அவன் அவளிடம் எரிச்சல்படுகிறான், கிண்டல் செய்கிறான், வேலை கொடுத்து அனுப்புகிறான். மற்ற இருவரும் அவளை வைத்துக்கொள்ள நினைக்கும்போது, இவன் ஒருவன்தான் அவளை எங்கேனும் போகச் சொல்கிறான்.

குறைகளும் உண்டு. சீனச் சடங்குகளை அறியாத வெளிநாட்டு வாசகருக்காக நிறுத்தி நிறுத்தி விளக்குவது, நம் போன்றவர்களுக்குச் சற்று அலுப்பூட்டும். மறுவுலகப் பகுதி நடுவில் தொய்கிறது. மாப்பிள்ளையின் சாவைச் சுற்றிய கொலைப் புதிர் அவிழும் இடம், இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்கு ஈடாக இல்லை. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் இது 6 பகுதிகள் கொண்ட தொடராகவும் வந்தது. புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள் என்பேன்.

ஊரைச் சொல்லியிருக்கும் விதத்துக்கு மட்டும் முழு மதிப்பெண். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய துறைமுகம், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வணிகத்தைப் பறிகொடுத்துத் தூங்கி வழியும் காலத்தை அவர் தேர்ந்துகொண்டிருக்கிறார். பழைய பெருமையும் குறைந்த வரும்படியுமாக நிற்கும் ஊரும், லீ லானின் வீடும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கதையின் மையத்தில் நம்மவர் இல்லை. ஆனால் லீ லான் ஆவியாக நடந்த காலத்தில், 1781இல் தமிழ் வழிவந்த மலாக்காச் செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் நூறாண்டைக் கடந்து அங்கேயே நின்றிருந்தது. அடுத்த முறை மலாக்கா போகும்போது அந்தக் கோயில் தெருவில் இருட்டிய பிறகு ஒரு நடை போக வேண்டும் என்றிருக்கிறேன்.

முடிவில் லீ லான் எடுக்கும் தீர்மானம் சரியென்பது என் கட்சி. கடிகாரக்காரனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்பது என் மகளின் கட்சி. மூன்று நாள்களாகச் சாப்பாட்டு மேசையில் இதே வழக்குதான். நடுவராக இருக்க மறுத்துவிட்ட என் மனைவி, இப்போது புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறாள்.