கவிழ்வு எண் 2-க்குக் கீழே இருந்தால் போதுமா?

பழைய பாய்மரப் படகு வாங்கும்போது, அது எளிதில் கவிழுமா என்று எடையையும் அகலத்தையும் வைத்துக் கணிக்கும் கவிழ்வு எண் 2-க்குக் கீழே வந்தால் போதும், கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். கணக்கு நிஜமானதுதான். 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயல் பல படகுகளைப் புரட்டிப் போட்ட பிறகு வந்தது. ஆனால் படகைக் கையாள்வது எப்படியிருக்கும் என்பதை அது சொல்லாது.

நீங்களே போட்டுப் பாருங்கள். படகின் எடையை பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் படகின் அகலத்தை (அடிக் கணக்கில்) வகுக்க வேண்டும். 13,824 பவுண்டு, 11 அடி அகலம் என்றால் 1.83 வரும். சரி, இப்போது படகு கவிழாமல் இருக்க அதன் அடிப்பகுதியில் வைத்திருக்கும் ஈயத்தையெல்லாம் பாய்மர உச்சியில் கட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதே 1.83தான்! எடை எங்கே இருக்கிறது, சுக்கான் எப்படிப்பட்டது, பாய் தொய்ந்திருக்கிறதா, எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அதையெல்லாம் தெரிந்துகொள்ள 12 முதல் 15 நாட் (மணிக்குச் சுமார் 22 முதல் 28 கி.மீ.) காற்றில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். காற்றை எதிர்த்துச் சாய்வாகச் செல்லும்போது, சுற்றிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சுக்கான் பிடியை ஒரு நொடி விடுங்கள். படகு மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பினால் நல்லது. வெடுக்கென்று திரும்பினாலோ, நேராக வைக்க இரண்டு கையும் தேவைப்பட்டாலோ, விலை பேசும் முன் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் பழைய பாயாக இருக்கும், அதுவும் மலிவான சாமான் இல்லை.