பூனை தோளில் ஏறினால் தொழுகை முறியுமா?

2023 ரமளானில் அல்ஜீரியாவின் போர்ஜ் பூ அர்ரேரிஜ் நகரத்துப் பள்ளிவாசலில் எடுத்த அந்த வீடியோவை நம்மில் பலரும் பார்த்திருப்போம். தராவீஹ் என்னும் ரமளான் இரவுத் தொழுகை நடக்கிறது, இமாம் குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கிறார். ஒரு பூனை தாவி அவர் நெஞ்சில் ஏறுகிறது. கையால் தாங்கித் தடவிக் கொடுக்கிறார். அது தோளுக்குப் போய், முகத்தோடு முகம் உரசிவிட்டுத் தானாக இறங்கிக்கொள்கிறது. ஓதல் நிற்கவே இல்லை.

“என்ன ஒரு கனிவு” என்று எல்லோரும் பாராட்டினார்கள். கனிவுதான். ஆனால் அந்தச் சில நொடிகளில் நான் பார்ப்பது ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்ட அறிவு. தொழுகையில் எவ்வளவு அசையலாம் என்று தெரிந்தவருக்குத்தான் அப்படி நிற்க வரும். பூனை வந்ததால் தொழுகை முறிவதில்லை, அதை விரட்டப் போய்த்தான் முறிகிறது.

எப்படி முறிகிறது? முதலில் வாய். “ச்சூ” என்று சத்தம் கொடுத்தால் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அது பேச்சுக் கணக்கு, இரண்டு எழுத்து வெளிப்பட்டாலே போதும். அடுத்தது திரும்பிப் பார்ப்பது. கழுத்து திரும்பினால் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) அளவில் நிற்கும், நெஞ்சே கிப்லாவை (தொழும் திசையை) விட்டு விலகினால் தொழுகை போய்விடும். மூன்றாவது சிரிப்பு. புன்னகையால் ஒன்றும் ஆகாது. வாய்விட்டுச் சிரித்தால் தொழுகை முறியும். ஹனஃபி மத்ஹபில் பருவமடைந்தவருக்கு ஒளுவும் (தொழுகைக்கு முன் கைகால் கழுவும் சுத்தமும்) சேர்ந்து முறிவதால், மறுபடி ஹவுளுக்குத்தான் (பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்குத்தான்) போக வேண்டும்.

அசைவுக்கும் அளவு இருக்கிறது. ஷாஃபியில் தொடர்ச்சியாக மூன்று பெரிய அசைவுகள் கூடாது. உள்ளங்கை நிலையாக இருக்க விரல்கள் மட்டும் அசைவது இந்தக் கணக்கில் வராது. ஹனஃபியில், தூரத்திலிருந்து பார்ப்பவர் “இவர் தொழுகையில் இல்லை” என்று முடிவு செய்யும் அளவுக்குப் போகக் கூடாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் முதல் கணக்கு, உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் இரண்டாவது.

“பூனை நஜீஸ் (அசுத்தம்) ஆயிற்றே” என்பவர்களுக்கு: உயிருள்ள பூனையின் உடல் நஜீஸ் இல்லை. அல்ஜீரியர்கள் பின்பற்றும் மாலிக்கி மத்ஹபில் உயிருள்ள எந்தப் பிராணியும் சுத்தம்தான். உதிர்ந்த முடியை ஷாஃபிகள் நஜீஸ் என்றாலும், கொஞ்சமாக ஒட்டியிருப்பது மன்னிக்கப்படும். பூனை நஜீஸ் இல்லை என்பதற்கு இமாம் மாலிக்கின் ஹதீஸ் நூலான முவத்தாவிலேயே ஆதாரம் இருக்கிறது. நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு ஒளுச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றுகிறார். பூனை ஒன்று குடிக்க வர, அபூ கதாதா பாத்திரத்தை அதற்குச் சாய்த்துக் கொடுக்கிறார். மருமகள் வியந்து பார்க்க, பூனை நஜீஸ் அல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) சொன்னதை எடுத்துச் சொல்கிறார்.

நபியவர்கள் பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டு தொழுததையும், ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும்போது) இறக்கிவிட்டு எழும்போது மறுபடி தூக்கியதையும் அறிவிப்பவரும் இதே அபூ கதாதாதான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அல்ஜீரிய இமாம் செய்தது முழுதாக விளங்கும். இவ்வளவு ஆதாரம் இருக்க, உறங்கும் பூனைக்காக நபியவர்கள் சட்டைக் கையை வெட்டினார்கள் என்ற கதையைத்தான் பலர் அந்த வீடியோவோடு பரப்பினார்கள். அதற்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள்.

நம் பள்ளியில் நடந்தால்? மேலே ஏறும் பூனையை இழுக்காதீர்கள், நகம் துணியில் மாட்டும், இழுத்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஒரு கையை அதன் பின்கால்களுக்கு அடியில் கொடுத்து அப்படியே நில்லுங்கள். பின்கால்களுக்குப் பிடிமானம் கிடைத்தால் பதறாது. கொஞ்ச நேரத்தில் சலித்துத் தானே குதித்துவிடும். ருகூவுக்கு (குனியும் நிலைக்கு) போக நேர்ந்தால் மெதுவாகக் குனியுங்கள், சாய்வு தெரிந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். ஸஜ்தா செய்யும் இடத்தில் படுத்திருந்தால் புறங்கையால் ஒருமுறை மெல்லத் தள்ளுங்கள். நகராவிட்டால் ஓரடி பின்வாங்கி ஸஜ்தா செய்யுங்கள், ஸஃப் (தொழுகை வரிசை) சற்று வளைந்தாலும் பரவாயில்லை. இமாம் ஓதிய இடத்தை மறந்துவிட்டால் பின்னால் நிற்கும் ஹாஃபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்) எடுத்துக் கொடுப்பார், பதற வேண்டாம்.

பூனை ஏன் ஆளைத் தேடி வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். அசையாமல் நிற்கும் உடல், அதன் சூடு, நிதானமான குரல், இவை அதற்குப் பிடிக்கும். கன்னத்தை உரசுவது தன் மணத்தைப் பூசுவதற்கு. அங்கே வாசனைச் சுரப்பிகள் உண்டு. இரவுக்கு ஒரு ஜுஸ்உ (குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம்) என்று 20 ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) ஓதினால், ரக்அத்துக்கு மதீனா முஸ்ஹஃபில் (மதீனாவில் அச்சிடும் குர்ஆன் பிரதியில்) சுமார் ஒரு பக்கம், அதுவரை இமாம் நின்றபடியே ஓதுவார். பூனைக்கு அந்த நேரம் தாராளம்.

ரமளானில் கூடுதலாக வருவதற்குக் காரணம் நம் நோன்புக் கஞ்சி. கறி போட்ட கஞ்சிச் சட்டியை இஷாவரை (இரவுத் தொழுகை வரை) கழுவாமல் உள்ளே வைத்தால் ஊர்ப் பூனையெல்லாம் தொழும் இடத்துக்கே வரும். சட்டிகளை மக்ரிப் (அந்தித் தொழுகை) முடிந்த உடனேயே கழுவிவிடுங்கள். மீந்ததையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் செருப்பு வைக்கும் இடத்துக்கு அப்பால் வையுங்கள். இஷா பாங்குக்கு முன்னால் மோதினார் (பாங்கு சொல்பவர்) பாய்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டால் போதும்.