அப்பாவின் 84 தவணைகள்

போன மாதம் அப்பாவின் இரும்புப் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கிடைத்தது. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே "ஈஸ்வரா" என்று ஒரே சொல். பக்கத்துக்குப் பன்னிரண்டு வரியாக ஏழு பக்கங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, தொகை, ஒரு சரி அடையாளம். மொத்தம் 84 தவணை. சில வரிகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் "சீட்டுப் பணம்", "பெரிய மாமாவிடம் வாங்கியது", ஓரிடத்தில் "வளையல்". அம்மாவின் வளையல்தான். அது திரும்பி வந்ததா என்று எனக்குத் தெரியாது.

தோட்டங்கள் கைமாறி எங்கள் சனங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துகொண்டிருந்த 1990களில் அப்பா வாங்கிய கார் அது, நம் மலேசியாவின் சொந்தத் தயாரிப்பான புரோட்டோன் ஈஸ்வரா. கோவில் வாசலில் நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்தார். பகலில் வேலை, இரவில் அதே காரில் தெரிந்தவர்களை ஏற்றி இறக்கி இரண்டு காசு பார்ப்பது. நாங்கள் மூவரும் படித்து வந்தது அந்தக் காரின் உழைப்பில். ஆகவே புரோட்டோன் மீது எனக்கு வெறுப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நொடித்துப்போகும் உள்நாட்டுக் கார் நிறுவனத்தை அரசு தூக்கிவிடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் நாட்டில் எல்லோரும் 2016 ஏப்ரலுக்குத்தான் போய் நிற்கிறார்கள். அமைச்சர் முஸ்தாபா முகமட் புரோட்டோனுக்கு 150 கோடி ரிங்கிட் இலகு கடன், அதாவது குறைந்த வட்டிக் கடன், என்று அறிவித்த மாதம். சாப்பாட்டுக் கடையில், ரயிலில், கல்யாண மண்டபத்தில் எங்கும் அதே பேச்சு. ஆற்றில் கரைத்த புளி என்றார்கள். நம் வரிப்பணம் போயிற்று என்றார்கள்.

நான் அந்தக் கடனை ஆதரித்தேன். இன்றும் ஆதரிக்கிறேன். காரணம் ஒன்று என் அக்கா. ஷா ஆலாமில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டு தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர். வலது கை ஆள்காட்டி விரலின் நுனி காய்த்துப்போய், ஊசி குத்தினாலும் வலிக்காது என்பார். "உன் கணக்கு சரியாகவே இருக்கட்டும் தம்பி, இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?" என்று அந்த வாரம் கேட்டார். புரோட்டோனில் வேலை செய்தவர்கள் பல்லாயிரம் பேர். உதிரிபாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளில் அதைப்போலப் பல மடங்கு. அந்தக் கடனில் பெரும்பகுதி அப்படிப்பட்ட தொழிற்சாலைகளின் பாக்கியைத் தீர்ப்பதற்காகத்தான் என்று அரசே சொன்னது.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். அந்தக் கடனுக்கு ஒரு தொகை இருந்தது, ஒரு தேதி இருந்தது, நிபந்தனைகளும் இருந்தன. நிறுவனத்தைச் சீரமைக்க வேண்டும், வெளிநாட்டுப் பங்காளியைக் கொண்டுவர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். 2017 ஜூனில் சீனாவின் ஜீலி கார் நிறுவனம் 49.9 விழுக்காடு பங்கை வாங்கியது. புரோட்டோனைத் தொடங்கிவைத்த முன்னாள் பிரதமர் மகாதீர், தன் பிள்ளையை இழந்ததாக வருந்தினார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2016இல் ஏறக்குறைய 72,000 கார் விற்ற நிறுவனம் 2019இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கணக்குப் பேசித் தந்த பணம் வேலை செய்தது.

கணக்கே பேசாமல் தந்த உதவியைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. 1985இல் அதன் முதல் காரான சாகா வெளிவந்த நாளிலிருந்து புரோட்டோனைச் சுற்றி ஒரு வரி மதில் எழுப்பப்பட்டது. முழுதாக இறக்குமதியாகும் காருக்கு ஒரு காலத்தில் 140 விழுக்காட்டில் தொடங்கி 300 விழுக்காடு வரை வரி. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தடையற்ற வணிக உடன்பாட்டால் இறக்குமதி வரி இறங்கியபோது, அதன் இடத்தில் கலால் வரி ஏறி உட்கார்ந்தது. வெளியூர்க் கார் எட்டாத விலைக்குப் போனது. உள்ளூர்க் காரும் வேண்டிய அளவு விலை இறங்கவில்லை. ஏன் இறங்க வேண்டும்? எதிரில் ஆளே இல்லையே!

குழந்தைத் தொழிலுக்கு நிழல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தென்கொரியாவும் தன் கார் நிறுவனங்களை மதிலுக்குள் வைத்துத்தான் வளர்த்தது. ஆனால் வெளியே போய் விற்றுக் காட்டு என்று விரட்டிக்கொண்டே இருந்தது. இங்கே விரட்ட ஆள் இல்லை. 2004இல் புரோட்டோன் இத்தாலியின் எம்வி அகுஸ்தா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பெரும்பங்கை 7 கோடி யூரோவுக்கு வாங்கியது. ஓராண்டு கழித்து அதை ஒரே ஒரு யூரோவுக்கு விற்றது. ஒரு யூரோ! என் அப்பா "வளையல்" என்று எழுதி வைத்த வரியை இப்போது பார்க்கும்போது இந்தச் செய்திதான் நெஞ்சில் குத்துகிறது. அதே மதிலுக்குள் இருந்த இன்னோர் உள்நாட்டுக் கார் நிறுவனமான பெரோடுவா, 1994இல் கஞ்சில் என்ற குட்டிக் காரோடு தொடங்கி, ஜப்பானின் டைஹாட்சு நிறுவனத்திடம் தொழிலைக் கற்றுக்கொண்டு 2006இல் புரோட்டோனையே முந்திவிட்டது. நிழல் இருவருக்கும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2008 டிசம்பரில் புஷ் அரசு கார் நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தது. அடுத்து வந்த ஒபாமா அரசு இன்னும் பணம் தரும் முன் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வாகனரை விலகச் சொன்னது. 2009 ஜூன் 1இல் திவால் மனு, ஜூலை 10இல் புதிய நிறுவனம். 2013 டிசம்பரில் அரசு தன் கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறியது. ஜெனரல் மோட்டார்ஸில் மட்டும் மக்கள் பணம் 1,000 கோடி டாலருக்கு மேல் நட்டம். அங்கே தொழிலாளர்களும் சலுகைகளை இழந்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் நட்டம் இவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்ல முடிகிறது. அதை வைத்து இன்றுவரை சண்டை போடவும் முடிகிறது.

நமக்கு என்ன எண் இருக்கிறது? மானியம், விட்டுக்கொடுத்த வரி எல்லாம் சேர்த்து 1,390 கோடி ரிங்கிட் என்று அரசுத் தரப்பில் ஒரு கணக்கு வந்தது. அது கருவூலத்தின் கணக்கு. மதிலுக்குள் விலை ஏறியதால் கார் வாங்கிய குடும்பங்கள் கூடுதலாகக் கொடுத்ததை அதில் யாரும் சேர்க்கவில்லை. பஸ் வராத ஊரில் கார் ஆடம்பரம் இல்லை. ஒன்பது ஆண்டுக் கடனில் கார் எடுக்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். சம்பளத்தில் முதல் வெட்டு அதற்குத்தான் விழுகிறது.

உதவி வேண்டுமென்றால் கருவூலத்திலிருந்து கொடுங்கள், நாடாளுமன்றத்தில் தொகையைச் சொல்லிக் கொடுங்கள், எந்த ஆண்டு நிறுத்துவீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வரி மதில்தான் வழி என்றால், அதனால் கார் வாங்குபவர் தலையில் ஏறும் தொகையை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுங்கள். அக்காவின் வேலையைக் காப்பாற்ற நான் பணம் தரத் தயார். எவ்வளவு தருகிறேன் என்று தெரிந்து தர விரும்புகிறேன்.

அப்பாவின் நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் காரின் விற்பனை ரசீதை நான்காக மடித்து வைத்திருக்கிறார். மடிப்பில் கிழிந்திருக்கிறது. காருக்கு எவ்வளவு, மதிலுக்கு எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது.