பத்து வயதுக் கார், 40,000 கிலோமீட்டர்தான் ஓடியதாம்!

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது: "எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" விற்பவருக்கும் அதே மந்திரம், வாங்குபவருக்கும் அதே மந்திரம், நடுவில் நின்று கமிஷன் பார்க்கும் தரகருக்கும் அதே மந்திரம். வேலைக்குப் போய் வர நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய ஒருவனுக்கு, செலவு வைக்காத, நடுவழியில் நிற்காத கார் ஒன்று வேண்டும். கேட்பது அவ்வளவுதான். அதற்கு நேராகப் பதில் சொல்ல இந்தச் சந்தையில் ஒருவருக்கும் வக்கில்லை. ஓடோமீட்டரில் தெரிகிற எண்ணைக் காட்டி விலையை ஏற்றுவதென்றால் மட்டும் எல்லோருக்கும் வாய் நீளுகிறது.

"பத்து வயதுக் கார் சார், 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்றார் ஒருவர், நாக்கூசாமல். வயதான ஒருவர் வைத்திருந்தாராம். வாரத்தில் ஒருநாள்தான் வெளியே எடுப்பாராம். கதவைத் திறந்து குனிந்து பார்த்தேன். பிரேக் மிதியின் ரப்பரில் வரிவரியாக இருக்க வேண்டிய மேடுகள் மழுங்கி, வலது மூலையில் இரும்பு எட்டிப் பார்த்தது. ஸ்டீயரிங்கின் மேல்பாதி எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. ஓட்டுநர் இருக்கையில், ஏறி இறங்கும்போது தொடை உரசுகிற ஓரம் நைந்து உள்ளே இருக்கும் பஞ்சு தெரிந்தது. பக்கத்து இருக்கையோ நேற்றுத் தைத்தது போல இருந்தது. வாரத்தில் ஒருநாள் காரை எடுத்த அந்தப் பெரியவர், மீதி ஆறு நாளும் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் போலும்!

டிஜிட்டல் மீட்டரில் கை வைக்க முடியாது என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பல கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பரிசோதனை முனையில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால், சில நிமிடங்களில் லட்சம் கிலோமீட்டர் காணாமல் போய்விடும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டிலேயே இதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. அப்படியும் ஆண்டுதோறும் 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான ஓடோமீட்டரோடு கைமாறுவதாக அந்த நாட்டின் சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பே மதிப்பிட்டிருக்கிறது. பெல்ஜியத்தில் 2006 முதல் 'கார்-பாஸ்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. கார் பட்டறைக்கு வரும்போதெல்லாம் கிலோமீட்டரைப் பதிய வேண்டும். விற்கும்போது அந்தப் பட்டியலை வாங்குபவர் கையில் கொடுத்தாக வேண்டும். ஆக, இது செய்ய முடியாத காரியமில்லை. செய்யாமல் இருப்பதில் பலருக்கு வயிறு நிறைகிறது.

சரி, அந்த 40,000 சத்தியமான கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அதனால் என்ன பயன்? நாளுக்கு 100 கிலோமீட்டர், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 25,000 கிலோமீட்டர் ஆகிறது. குறைவாக ஓடியது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கார், நான்கே ஆண்டுகளில் 1,40,000ஐத் தொட்டு நிற்கும். அதை விற்கப் போனால் இதே தரகர் மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். வாங்கும்போது எந்த எண்ணுக்காகக் கூடுதலாகக் கொடுத்தேனோ, அந்த எண்ணை அலுவலகத்துக்குப் போகிற வழியிலேயே கரைத்துவிட்டு வருவேன். நீண்ட தூரம் ஓட்டுகிறவனுக்கு இதைவிட நஷ்டமான பேரம் உண்டா?

அதிலும், பத்து ஆண்டில் 40,000 மட்டும் ஓடிய கார் எப்படி ஓடியிருக்கும் என்று யாராவது யோசிக்கிறார்களா? கடைத்தெரு வரை போய்த் திரும்பியிருக்கும். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்திருப்பார்கள். அப்படி ஓடினால் உள்ளே சேர்கிற ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகிப் போக வழியில்லாமல் எண்ணெயோடு கலந்து நிற்கும். எண்ணெய் மூடியைத் திருகிப் பாருங்கள், அடியில் வெண்மையாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கலாம். நெடுஞ்சாலையில் சீராக ஓடி 1,50,000 கண்ட எஞ்சினுக்கு, ஒழுங்காக எண்ணெய் மாற்றியிருந்தால், இந்தச் சீக்கு பெரும்பாலும் இருக்காது. கிளட்சும் பிரேக்கும் கூட அதில் குறைவாகவே தேய்ந்திருக்கும்.

ரப்பருக்கு ஓடோமீட்டர் படிக்கத் தெரியாது. நின்றாலும் அதற்கு வயதாகும். "டயர் தேயவே இல்லை பாருங்கள்" என்று காட்டுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்து என்ன, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு ஓடுகிறதே. அதைப் பூட்டிக்கொண்டு தினமும் நெடுஞ்சாலையில் பறக்க வேண்டுமாம். எஞ்சினில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். தயாரிப்பாளர்கள் அதற்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் சொல்வதில்லை, ஆண்டுக் கணக்கும் சேர்த்தே சொல்கிறார்கள், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி நொறுங்கிவிடும். காரின் விலையில் பாதி அங்கேயே போய்விடும்.

"பெல்ட் மாற்றியாயிற்றா?" என்று கேட்டால், "அதெல்லாம் எப்போதோ பார்த்தாயிற்று சார்" என்கிறார்கள்.

"பில் இருக்கிறதா?"

"வீட்டில் எங்கேயோ இருக்கும்."

எல்லார் வீட்டிலும் எங்கேயோ இருக்கிறது அந்தப் பில்! நான்கு வார்த்தை விளம்பரம் எழுதி, இருபது கோணத்தில் படம் எடுத்து, பம்பருக்கு மெருகு ஏற்றி, உள்ளே வாசனை அடித்து வைக்க நேரம் இருக்கிறது. எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினோம் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எனக்கு வேண்டியது அந்தக் காகிதம்தான் ஐயா. கார் எவ்வளவு ஓடியது என்பதைவிட, ஓடிய காலமெல்லாம் அதை யார் கவனித்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு. காலையில் முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும், எஞ்சினைத் தொடாமல் வையுங்கள் என்று முந்தைய நாளே சொல்லியிருப்போம். போய்ப் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் கொதிக்கிறது. "இப்போதுதான் பெட்ரோல் போட்டுவிட்டு வந்தேன்" என்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் புகையும் கடகட சத்தமும் வெளியே வரும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது மைலேஜ் புராணம். கம்பெனி சொன்ன எண்ணை இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2017க்கு முன் அறிமுகமான கார்களை எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வைத்து, இருபது நிமிடம், 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்குச் சுமார் 34. அந்த வேகத்தில் நான் அலுவலகம் போனால் மதிய உணவு நேரம் ஆகிவிடும். 100இல் போவதை 120 ஆக்கினாலே காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. இந்த லட்சணத்தில், விளம்பரத் தாளில் இருந்த எண்ணைப் பத்து ஆண்டு கழித்து என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள்.

கணக்கும் போடத் தெரியாது. லிட்டருக்கு 20 கொடுக்கிற கார் வேண்டாம், 25 கொடுக்கிறதுதான் வேண்டும் என்று அடித்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டருக்கு, 20 கொடுக்கும் கார் 1,250 லிட்டர் குடிக்கும், 25 கொடுக்கும் கார் 1,000 லிட்டர். மிச்சம் 250 லிட்டர்தான். அதே ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம், 10 கொடுக்கும் காரிலிருந்து 15 கொடுக்கும் காருக்கு மாறும்போது ஆண்டுக்கு 833 லிட்டரை மிச்சப்படுத்துகிறது. ஆகவே பெருந்தீனிக் காரைத் தவிர்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதற்கு மேல் அந்த 250 லிட்டருக்காக, வயதான கியர்பெட்டியோடு வருகிற சிக்கலான கார் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டால், ஒரே ஒரு பழுதில் சில ஆண்டு மிச்சமும் பட்டறைக்குப் போய்விடும். கியர்பெட்டி எண்ணெயை ஆயுளுக்கும் மாற்றவே வேண்டாம் என்று சொல்லியே விற்ற கார்களும் உண்டு. யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லை.

சொந்தக்காரர்களின் அறிவுரை வேறு. தூரம் அதிகமென்றால் டீசல்தான் என்கிறார் ஒருவர். தூரம் ஓட்டினால் டீசல் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் புகைவடிகட்டியில் படிந்த கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். முந்தைய முதலாளி நகருக்குள்ளேயே உருட்டியிருந்தால் அது அடைத்துக்கொண்ட நிலையில்தான் என்னிடம் வரும். எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வாங்கு என்கிறார் இன்னொருவர். பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைச் சேமிப்பதுதான் அதன் பெரிய பலம். பிரேக்கே தொடாமல் சீராகப் போகிற சாலையில் அந்த ஆதாயம் சுருங்கிவிடும். பழைய மின்சாரக் கார் என்றால் பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்ற அறிக்கையைக் காட்டுங்கள், பேசலாம். அதையும் காட்டமாட்டார்கள்.

தினம் இரண்டு மணி நேரம் நான் உட்காரப்போகிற இருக்கையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயே திறப்பதில்லை. இடுப்புக்கு முட்டுக் கொடுக்கிறதா, இரவில் முகப்பு விளக்கு சாலையைக் காட்டுகிறதா, மங்கலாக மஞ்சள் பூத்துக் கிடக்கிறதா, இதெல்லாம் கேட்டால் நம்மை விநோதமாகப் பார்க்கிறார்கள். பெரிய அலாய் சக்கரத்தைத் தட்டிக் காட்டுகிறார்கள். அதற்கு டயர் வாங்கும் செலவு யாருடையது?

கடைசியாகப் பார்த்த ஆளிடம், என் மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன், ஒரு மணி நேரம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கட்டும், கூலி என்னுடையது என்றேன். "நம்பிக்கை இல்லையென்றால் வாங்காதீர்கள் சார்" என்றார், ஏதோ நான் அவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டது போல. வாங்கவில்லை. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பரவாயில்லை, கதவில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை, பில்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிற முதலாளி யாராவது இருந்தால் சொல்லுங்கள். நிறம் எதுவானாலும் எடுத்துக்கொள்கிறேன்.