ஓரமா போ தம்பி

(சிக்னல், சிவப்பு.)

கார்காரர்: தம்பி, நில்லு. எதுக்கு என் டயரைக் கை காட்டின?

சைக்கிள்காரர்: எப்பண்ணே?

கார்காரர்: அந்தத் திருப்பத்துல. விரலைக் கீழ காட்டி ஆட்டினியே. பஞ்சர் போலன்னு வண்டிய நிறுத்தி, இறங்கி, நாலு டயரையும் உதைச்சுப் பாத்துட்டு வர்றேன். ஒண்ணுமே இல்ல.

சைக்கிள்காரர்: அது பள்ளம்ணே. பின்னால வந்த என் ஃபிரெண்டுக்குக் காட்டினேன், சேர்ந்து ஓட்டுறவங்க அப்படித்தான், பள்ளம் கண்ணாடித்துண்டு எது கிடந்தாலும் முன்னாடி போறவன் கை காட்டிட்டே போவான், எங்க டயர் அகலமே 28 மில்லிமீட்டர், விழுந்தா எந்திரிக்கிறது கஷ்டம்.

கார்காரர்: அப்ப என் டயரைச் சொல்லல?

சைக்கிள்காரர்: உங்க டயர் நல்லா இருக்கட்டும்ணே. சொல்லப்போனா அதுவே எங்க சொத்து. காத்தடிச்ச டயருக்கு டன்லப் 1888ல பேடன்ட் வாங்கினாரே, அத அவர் முதல்ல செஞ்சு மாட்டினது தன் பையனோட மூணு சக்கர சைக்கிளுக்கு.

கார்காரர்: அதுக்காக நடுரோட்ல வருவியா? எத்தனை ஹார்ன் அடிச்சேன், காதுல விழலையா?

சைக்கிள்காரர்: விழுந்துச்சுண்ணே. ஹார்ன் கேட்டதும் மாயமா மறையிற பட்டன் இந்த மாடல்ல வரல.

கார்காரர்: ஓரமா போகலாம்ல?

சைக்கிள்காரர்: எந்த ஓரம்? வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கமா? அங்க சல்லி, உடைஞ்ச பாட்டில், அப்புறம் சாக்கடைக்கு மேல ஒரு கம்பி மூடி, அந்தக் கம்பி நான் போற திசையிலயே இருந்துச்சுன்னா சக்கரம் அப்படியே உள்ள இறங்கிடும். அதெல்லாம் தாண்டினா நிறுத்தி வச்ச கார் வரிசை.

கார்காரர்: நிறுத்தின கார் உன்னை என்ன பண்ணும்? அதான் நிக்குதே.

சைக்கிள்காரர்: கதவு திறக்கும்ணே. இப்ப டயர் பாக்க இறங்கினீங்களே, கண்ணாடியப் பாத்தீங்களா?

கார்காரர்: பாத்தேனே. முடி கலைஞ்சிருந்துச்சு, சரி பண்ணிட்டுத்தான் இறங்கினேன்.

சைக்கிள்காரர்: அந்தக் கதவுக்குத் தப்பிச்ச என் ஃபிரெண்டு போதும்டா சாமின்னு சைக்கிளைத் திருப்பிட்டு வீட்டுக்கே போயிட்டான். நெதர்லாந்துல கதவுக்குத் தூரமா இருக்கிற கையால திறக்கச் சொல்லித் தர்றாங்க, அப்ப உடம்பு தானாத் திரும்பும், பின்னால வர்றவன் தெரிவான்.

கார்காரர்: அந்தக் கையில போன் இருக்குமே?

(பச்சை. கார் உறுமிக்கிட்டு சைக்கிளை உரசாத குறையா தாண்டிப் போகுது. அடுத்த சிக்னல், சிவப்பு.)

கார்காரர்: நீயா?

சைக்கிள்காரர்: நான்தாண்ணே.

கார்காரர்: உன்னை இப்பத்தானே ஓவர்டேக் பண்ணேன்?

சைக்கிள்காரர்: ஆமாண்ணே, பண்ணீங்க. ஜெர்மனில சைக்கிளைத் தாண்டணும்னா ஊருக்குள்ள 1.5 மீட்டர், வெளிய 2 மீட்டர் விடணும்னு சட்டம். நீங்க என் சட்டைத் தூசியத் தட்டிட்டுப் போனீங்க.

கார்காரர்: அவ்வளவு இடம் விட்டா எதிர்ல வர்றவன் மேல ஏத்திடுவேனே!

சைக்கிள்காரர்: அப்ப தாண்டாதீங்க.

கார்காரர்: தாண்டாம? பின்னாலயேவா வரச் சொல்ற?

(சொத்துல பாதிய எழுதிக் கேட்டிருந்தாக்கூட மனுஷன் இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டாரு.)

சைக்கிள்காரர்: பின்னால வந்திருந்தாலும் இதே சிக்னலுக்குத்தானே வந்திருப்பீங்க.

(பச்சை. உறுமல். ஓவர்டேக். சிவப்பு.)

கார்காரர்: நீயா?

சைக்கிள்காரர்: நான்தாண்ணே.

கார்காரர்: சரி, அத விடு. ரோட்டுக்கு வரி கட்டுறியா நீ?

சைக்கிள்காரர்: 1950கள் கடைசில அமெரிக்காவுல ரோடு போட்டு அது மேல லாரிய மாசக்கணக்கா ஓட்டிப் பாத்தாங்க. அச்சு மேல ஏறுற எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்குச் சேதம் சுமார் 16 மடங்கு. நானும் சைக்கிளும் சேர்ந்தே 80 கிலோ, அந்தக் கணக்குல எனக்கு வரி போட்டா கட்டுறதுக்குச் சில்லறை கிடைக்காதுண்ணே.

கார்காரர்: கணக்கெல்லாம் வேணாம். உன்னாலதான் எனக்கு லேட்டு, அவ்வளவுதான்.

சைக்கிள்காரர்: என்னாலயா? முன்னாடி பாருங்க, சிக்னல் வரைக்கும் காரு, ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு ஆளு. அதுல ஒருத்தரையாவது ஓரமா போன்னு சொன்னீங்களா?

கார்காரர்: அவங்க என்ன தம்பி பண்ணுவாங்க? பாவம், டிராபிக்ல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க.