நாலு நிமிடம் கூடப் பொறுக்க முடியாதா?

அந்தப் படத்தை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். டீ பாட் பக்கத்தில் நான் செல்போனில் டைமர் வைத்துக்கொண்டு நிற்கிற படம். மேலே "டீ போடவும் பிஎச்டி வேணுமா?" என்று ஒரு வரி. கீழே நம்ம ஆட்கள் வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் சிலர் என் வீட்டில் இரண்டாவது கப் கேட்டு வாங்கிக் குடித்தவர்கள்.

படத்தில் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்தவர்தான், தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் கூட ஆகாத டீயை "அதான் கலர் வந்துருச்சே" என்று எடுத்துக் கப்பில் ஊற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டு "என்ன, சப்புன்னு இருக்கு" என்று தள்ளி வைத்தவரும் அவரேதான்.

கலர் வந்தால் டீ ஆகிவிடாது. நிறம் சீக்கிரம் வந்துவிடும். காஃபினும் சீக்கிரம் இறங்கிவிடும். வாயில் ஒரு கனம் தெரிகிறதே, நாக்கில் லேசாகப் பிடிக்கிற துவர்ப்பு, அது மெதுவாகத்தான் வரும். அதற்கும் மேலே விட்டால் துவர்ப்பு மட்டும் ஏறி, குடித்த பிறகும் வாயை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். இலைக்குள் இருப்பதில் வேண்டியது இறங்கும்வரை பொறுத்து, வேண்டாதது இறங்குவதற்குள் வடிகட்டிவிட வேண்டும். டீ போடுவது என்றால் இதுதான். இதற்கு டைமர் வைக்காமல் வேறு எதற்கு வைப்பது?

நான் செய்வதில் ரகசியம் எதுவும் இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். குளிர்ந்த பீங்கானில் ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் சூடு இறங்கிவிடும் என்பதால் முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுவேன். 200 மில்லி தண்ணீருக்கு 2 கிராமில் இருந்து இரண்டரை கிராம் வரை தேயிலை. மூடி வைத்தால், பொடியாக இருக்கும் தூளுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். முழு இலை என்றால் நாலைந்து நிமிடம். பொடியில் தண்ணீர் படுகிற பரப்பு அதிகம், அதனால் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். பச்சைத் தேயிலை என்றால் கொதிநீரே கூடாது, 70, 80 டிகிரி போதும். இரண்டும் ஒரே செடியின் இலைதான். ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பச்சைத் தேயிலை கசந்துபோகும். அப்புறம் "எனக்கு கிரீன் டீயே பிடிக்காது" என்பார்கள். இலை என்ன செய்யும், பாவம்.

ஸ்ட்ராங்காக வேண்டுமா? தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

"நாலு நிமிஷம் வச்சா ஆறிப்போயிடாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மூடி இருந்தால் ஆறாது. கொதிநீர் ஊற்றிய டீ, நாலு நிமிடம் கழித்தும் வாயில் வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கும். 65 டிகிரிக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொல்லியிருக்கிறது. ஆக, பொறுத்துக் குடிப்பது உடம்புக்கும் நல்லது.

இன்னொருவர், டீ ஊறவைக்கும் முறைக்கான சர்வதேசத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 3103-ஐக் கொண்டுவந்து போட்டு, "உலகத் தரமே ஆறு நிமிஷம், நீங்க சொல்றது தப்பு" என்றார். அதைப் படித்துவிட்டுத்தான் போட்டாரா? 1980-இல் வந்த அந்த முறை, 100 மில்லிக்கு 2 கிராம் போட்டு ஆறு நிமிடம் வைக்கச் சொல்கிறது. வெவ்வேறு தேயிலைகளை ஒரே மாதிரி ஊறவைத்துச் சுவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான முறை அது. ருசியாகக் குடிப்பதற்கென்று எழுதியதில்லை. ஆனால் கிராம் கணக்கும் நிமிடக் கணக்கும் போட்டு அதை எழுதி வைத்தார்களே, அவர்களுக்கும் பிஎச்டி வேண்டுமா என்று கேட்பீர்களா?

பாலோடு சேர்த்துக் கொதிக்க வைப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். பாலில் இருக்கிற புரதம் துவர்ப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அந்த டீ கொதிப்பைத் தாங்கும். அது வேறு வழி. டீபேக்காரர்களுக்கும் ஒன்றே ஒன்றுதான்: தயவுசெய்து கடைசியில் பிழியாதீர்கள்.

"இதெல்லாம் வசதியானவங்க பந்தா" என்றும் ஒரு கருத்து. இதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. மூடி போட்ட சாதாரணப் பாத்திரமும் ஒரு வடிகட்டியும் இல்லாத அடுப்படி எது? பொறுமைக்குக் காசா கொடுக்கிறோம்?

என் அம்மா கடிகாரம் பார்த்து டீ போட்டவர் இல்லை. பாத்திரத்தை மூடிவிட்டு அந்த நேரத்தில் கப்புகளைக் கழுவி, துடைத்து, வரிசையாக வைப்பார். கடைசிக் கப்பை வைக்கும்போது டீ சரியாக இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடியில் இலையோடு கிடந்து கறுத்துப்போனதைத் தனக்கு ஊற்றிக்கொள்வார். ஆறிப்போயிருக்கும். நின்றுகொண்டே, முகத்தைச் சுளித்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விடுவார். ஊறியதும் மொத்தத்தையும் வேறு பாத்திரத்தில் வடித்து வைத்திருந்தால் அந்தக் கசப்பு வந்திருக்காது. வடித்து வைக்க யாருக்குத் தோன்றியது? கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி, பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல் குடித்த வீடு அது. ஒரு நாள் கொஞ்சம் கடுத்துவிட்டால் மட்டும் எல்லாருக்கும் வாய் இருந்தது.

அதனால்தான் "ஒரு டீ தானே" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. கொண்டுவந்து கொடுக்க ஆள் இருப்பவர்களுக்குத்தான் அது "ஒரு டீ". அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் அந்த நாலு நிமிடத்தைத் தினமும் நின்று கழித்துக்கொண்டிருக்கிறார். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யாருக்குப் பால் கூடாது, யாருக்கு ஸ்ட்ராங்காக வேண்டும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். கேட்காமலே செய்து கொடுப்பார்.

கருத்து எழுத வருகிறவர்கள், உங்கள் வீட்டில் டீ போடுகிறவருக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று முதலில் அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.