1047ஆம் எண் யாருடையது?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள எங்கள் அலுவலகத்தை விட்டு ஒருவர் விலகும்போது, அடையாள அட்டை, மடிக்கணினி, அலமாரிச் சாவி என்று ஒவ்வொன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு, கேன்டீனில் 40 ரூபாய் பாக்கி இருந்தால்கூட அதையும் கட்ட வைத்துத்தான் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். சர்வரில் அவருக்கு இருக்கும் யூசர் அக்கவுண்ட்டுக்கு மட்டும் அந்தப் படிவத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆள் போய் மூன்று வாரம் கழித்து, மாலை ஐந்தே முக்காலுக்கு மின்னஞ்சல் வரும், இன்றைக்குள் நீக்கிவிட வேண்டும் என்று. ஏன் இவ்வளவு நேரம், ஒரு கமாண்ட்தானே என்று மேலாளர் கேட்பார். ஒன்பது ஆண்டுகளாக, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிறு எரிகிறது.

கணக்கை நீக்கும் யூசர்டெல் ஒரே ஒரு கமாண்ட்தான், மறுக்கவில்லை. அது பயனர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும். மைனஸ் ஆர் சேர்த்துக் கொடுத்தால் அவருடைய சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் டைரக்டரியையும் அஞ்சல் பெட்டியையும் அழிக்கும். பொது டைரக்டரிகளில் அவர் போட்டு வைத்த கோப்புகளை அது தொடுவதே இல்லை. ஒரு கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் பெயரால் குறித்து வைப்பதில்லை, யூஐடி என்ற எண்ணால்தான் குறித்து வைக்கிறது. ஆகவே பெயர் போனபின் அந்தக் கோப்புகள் வெறும் எண்ணோடு அநாதையாகக் கிடக்கும். நீக்கிய எண் பட்டியலிலேயே பெரிய எண்ணாக இருந்துவிட்டால், அடுத்துச் சேர்பவருக்கு, புதுக் கணக்கு தொடங்கும் யூசர்ஆட் கமாண்ட் அதே எண்ணை எடுத்துக் கொடுத்துவிடும்.

எங்களிடம் அதுதான் நடந்தது. நான் ஊருக்குப் போயிருந்த மே மாதத்தில், ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கணக்கை அவசர அவசரமாக யாரோ நீக்கியிருக்கிறார்கள். அவருடைய எண் 1047. ஜூலையில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெண் தன் முதல் வேலையில் சேர்ந்தார்; அவருக்கும் 1047. ஆகஸ்டில் தணிக்கை செய்தபோது, பொது டைரக்டரியில் இருக்கவே கூடாத வாடிக்கையாளர் விவரங்களின் நகல் ஒன்று அகப்பட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர். கண்ணாடி அறைக்குள் அழைத்து ஒன்றரை மணி நேரம் குடைந்திருக்கிறார்கள். வெளியே வந்து, "அண்ணா, அந்த ஃபைலை நான் பார்த்ததுகூட இல்லைண்ணா" என்று சொன்னபோது, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாத அளவுக்கு அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

நான் திரையில் அந்த வரியைத் திறந்து பார்த்தேன். கோப்பின் தேதி பிப்ரவரி 11. பெயர் இருக்கும் அதே வரியில் இருக்கும் தேதியை, அந்த அறையில் உட்கார்ந்திருந்த நான்கு பேரில் ஒருவர்கூடப் படிக்கவில்லை!

கணக்கைப் பூட்டிவிட்டோம், அது போதும் என்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். கடவுச்சொல்லை மட்டும் பூட்டினால், கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து நுழைய வைக்கும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் மாரத்தஹள்ளியில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே உள்ளே நுழையலாம். பாஸ்வேர்டு கமாண்டின் கையேட்டுப் பக்கத்திலேயே, இது கணக்கை முடக்காது, காலாவதித் தேதியை 1 என்று வையுங்கள் என்று எழுதியிருக்கிறது. 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணும் நாள் கணக்கில் அந்த 1 என்பது 1970 ஜனவரி 2. அப்படி வைத்தால் கணக்கே காலாவதியாகிவிடும், சாவியும் செல்லாது. கையேட்டைப் புரட்டக்கூட நேரமில்லாதவர்கள் என்னை மட்டும் ஏன் விரட்டுகிறார்கள்?

ஆள் கிளம்பும் அன்றே எனக்குச் சொல்லுங்கள். அந்த நிமிடமே கணக்கைக் காலாவதியாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய புராசஸ்களை நிறுத்திவிடுகிறேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் அவர் பெயரில் இரவு இரண்டு மணிக்கு ஓடும் வேலை எதை நம்பி ஓடுகிறது என்று பார்த்து, கோப்புகளை அவருடைய இடத்துக்கு வருபவர் பெயருக்கு மாற்றிய பிறகு நீக்குகிறேன், அந்த எண்ணை வேறு யாருக்கும் போகாமல் ஒதுக்கியும் வைக்கிறேன். அதற்கு எனக்கு ஒரு முழு நாள் வேண்டும். இதை மூன்று முறை எழுத்தில் கேட்டுவிட்டேன். படிவத்தில் அந்த ஒரு வரி இன்னும் சேரவில்லை. அந்தப் பெண்ணிடம் அந்த நான்கு பேரில் ஒருவரும் இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.